டார்வின் தோட்டத்துத் தேனீ

சார்லஸ் டார்வின் என்றதும் குரங்கும் மனிதனுமே பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கோ, அவர் முதலில் ஒரு பூச்சி நேசர். 1809-இல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் பிறந்த அவர், பாதிரியார் ஆவதற்கெனக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டார். அங்கே வண்டு சேகரிப்பதில் மூழ்கிப்போனார். இரு கைகளிலும் அரிய வண்டுகள் இருக்க, மூன்றாவதையும் விட மனமின்றி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, அது கக்கிய காரநீரால் நாக்கு வெந்தவர் அவர்.

1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றியபோது, சிலி நாட்டின் கடற்கரைகளிலும் ஆண்டீஸ் மலையிலும் அலைந்தார். 1842-இல் டவுன் என்னும் சிற்றூரில் குடியேறி, 1882-இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். உடல்நலம் குன்றியிருந்தபோதும், உரோமம் அடர்ந்த பம்பிள் தேனீக்கள் பறந்து செல்லும் வழியைத் தம் குழந்தைகளின் துணையோடு தோட்டத்தில் ஆராய்ந்தார்.

1859-இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில், ஒரே உணவை நாடும் நெருங்கிய இனங்களுக்கிடையேதான் போட்டி மிகக் கடுமையாகும் என்று அவர் நிறுவினார். ஆஸ்திரேலியாவில் குடியேற்றப்பட்ட ஐரோப்பியத் தேனீ, அம்மண்ணுக்குரிய கொசுத்தேனீயை விரைந்து ஒழித்து வருவதாகப் பிற்காலப் பதிப்பில் எழுதினார். கொசுத்தேனீ இன்றும் அங்கே எஞ்சியிருக்கிறது. ஆனால், அவர் சுட்டிய அபாயம் வேறிடத்தில் மெய்யாகி வருகிறது.

அந்த இடம், அவர் நடந்து திரிந்த அதே சிலி. 1990-களின் பிற்பகுதியில், பசுமைக்குடில் தக்காளியின் மகரந்தச் சேர்க்கைக்காக ஒரு பம்பிள் தேனீ அங்கே இறக்குமதியானது. டார்வினின் இங்கிலாந்தில் எங்கும் காணப்படும் இனம் அது. குடிலைவிட்டு வெளியேறிய அது, 2006-இல் ஆண்டீஸைக் கடந்து அர்ஜென்டினாவிலும் புகுந்தது. அம்மண்ணின் பம்பிள் தேனீயோ உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. செம்பொன் நிறம் கொண்டது. வந்தேறியோடு மலருக்குப் போட்டியிட்டும், அதனோடு பரவியதாகக் கருதப்படும் நோய்க்கு ஆளாகியும் அது பல பகுதிகளில் மறைந்துவிட்டது. அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இன்று அதற்கும் இடம் உண்டு.

தேனீயைப் பயனுள்ள பூச்சி என்று மட்டும் கருதி நாடுவிட்டு நாடு அனுப்புவது, டார்வின் கற்பித்த முதற்பாடத்தையே மறப்பதாகும். பூச்சி எல்லைக்கோட்டை அறியாது. ஆகவே, ஒரு நாடு வழங்கும் இறக்குமதி அனுமதியில் அண்டை நாட்டின் ஒப்புதலும் இடம்பெற வேண்டும் என்பதே என் கருத்து. திறந்த கூட்டை மூடலாம். பறந்துவிட்ட தேனீயைத் திரும்ப அழைக்க இயலாது.