பிரித்துப் பார்த்தார், மேதை ஆனார்!
கோவை ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை வரலாறு

விருத்தாசலம் பக்கத்தில் உள்ள கம்மாபுரமாக இருக்கட்டும். தெற்கே குமரி முனையில் ஒரு குக்கிராமமாக இருக்கட்டும். இன்று பஸ்ஸும் லாரியும் எட்டிப் பார்க்காத ஊர் அபூர்வம்.

நூறு ஆண்டுகளுக்கு முன் அப்படி இல்லை. ஒரு மோட்டார் வண்டி வந்தால் ஊரே திரண்டு விடும். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி மட்டும் ஓடுகிறதே என்று மூக்கின் மேல் விரலை வைப்பார்கள். வண்டி போன பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய் விடுவார்கள்.

ஒருவர் மட்டும் போகவில்லை. அந்த வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தே தீருவது என்று முடிவு செய்தார்.

அவர்தான் ஜி.டி. நாயுடு!

மண்ணை வீசிய மாணவன்

கோயமுத்தூர் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் கலங்கல். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் மாதம் 23-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை கோபால்சாமி நாயுடு ஒரு விவசாயி. மகனுக்குத் துரைசாமி என்று பெயர் வைத்தார்.

துரைசாமிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்து வரவில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து, சொன்னதையே திருப்பிச் சொல்வது அவனுக்குப் பிடிக்கவில்லை. கண்டித்த வாத்தியார் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடி விட்டான் என்று இன்றும் கதை சொல்வார்கள்.

மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தந்தையின் நிலத்தில் வேலை செய்யப் போனான்.

இப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றி ஊர் என்ன பேசியிருக்கும்? உருப்படமாட்டான் என்றுதானே பேசியிருக்கும்! ஆனால் அவனுக்கு ஒரு வாத்தியார் கிடைத்தார். அந்த வாத்தியாருக்கு வாய் கிடையாது. பிரம்பும் கிடையாது. இரண்டு சக்கரங்கள்தான் உண்டு!

புகை கக்கிய வண்டி

ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரத் துரை மோட்டார் சைக்கிளில் வந்தார். அவர் சர்க்கார் அதிகாரி. லங்காஷயர் என்பது அவர் பெயர்.

வண்டி படபட என்று சத்தம் போட்டது, புகையைக் கக்கியது, புழுதியைக் கிளப்பியபடி பறந்தது. அதைக் கண்ட துரைசாமிக்கு அன்று முதல் தூக்கம் போயிற்று. அந்த வண்டி தனக்கு வேண்டும். அதில் ஏறிச் சவாரி செய்வதற்காக மட்டும் அல்ல. அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்து கொள்வதற்காக!

கையில் பணம் இல்லை. கோயமுத்தூருக்குப் போனார். ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். எச்சில் இலைக்கும் காப்பி டம்ளருக்கும் நடுவே காலணா காலணாவாகச் சேர்த்தார். போதிய பணம் சேர்ந்ததும், அந்தத் துரையின் பழைய மோட்டார் சைக்கிளை விலை பேசி வாங்கினார்.

வாங்கிய வண்டியை என்ன செய்தார் தெரியுமா? அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டார்!

திருகாணியே பாடம்

அது 'ரட்ஜ்' என்ற ஆங்கில மோட்டார் சைக்கிள். ரட்ஜ் கம்பெனி இங்கிலாந்தில் கவன்ட்ரி என்ற ஊரில் இருந்தது. முதலில் சாதாரண சைக்கிள் செய்து வந்த அந்தக் கம்பெனி, 1911-ம் ஆண்டில்தான் மோட்டார் சைக்கிள் விற்கத் தொடங்கியது.

அந்தக் காலத்து எஞ்சினில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. இரும்புக் குழாய் போன்ற ஒரு சிலிண்டர். அதற்குள் மேலும் கீழும் போய் வரும் ஒரு பிஸ்டன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டர். அந்தக் கலவைக்குத் தீ வைக்க ஒரு மின்பொறி. பாட்டரி இல்லாமலே அந்தப் பொறியைத் தர, காந்தத்தால் வேலை செய்யும் 'மாக்னெட்டோ' என்ற கருவி. தீப்பிடித்த கலவை விரிந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் தள்ளச் சக்கரம் சுழலும். இவ்வளவுதான்!

இவ்வளவுதான் என்று நாம் இப்போது சொல்லி விடுகிறோம். சொல்லித் தர ஆள் இல்லாதவனுக்கு இது எப்படித் தெரியும்? படிக்கப் புத்தகம் இல்லை. பார்க்கப் படம் இல்லை. பிரித்த பாகம் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத்தான் புரிந்து கொள்ள வேண்டும்.

பழைய எஞ்சினைப் பிரித்தவர்களுக்குத் தெரியும். பிரிப்பது எளிது, பூட்டுவதுதான் கஷ்டம். எந்தத் திருகாணி எந்தத் துளைக்கு என்பது நினைவில் இருக்க வேண்டும். துருப்பிடித்த ஆணியை அவசரப்பட்டுத் திருகினால் தலை முறிந்து போகும். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துப் பொறுமையாகக் கழற்ற வேண்டும். கடைசியில் ஒரு சின்ன வளையம் மிச்சமாகி விட்டாலும் வண்டி ஓடாது.

துரைசாமி பூட்டினார். வண்டி ஓடியது! பள்ளிக்கூடம் தராத பட்டத்தை அந்தப் பழைய இரும்பு அவருக்குத் தந்து விட்டது. அன்று முதல் அவர் ஒரு மெக்கானிக்.

பருத்தியில் விழுந்த அடி

உடனே அதிர்ஷ்டம் வந்து விடவில்லை. திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலம் அது. நல்ல லாபம் வந்தது. அந்தத் துணிச்சலில் பம்பாய்க்குப் போய்ப் பெரிய வியாபாரத்தில் கை வைத்தார். சேர்த்த பணம் கரைந்தது. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

ஆனால் ஒன்றை மட்டும் பம்பாயால் பறிக்க முடியவில்லை. எஞ்சினைப் பற்றிய அறிவு அவர் கையிலேயே இருந்தது!

கோயமுத்தூரில் ஆலையும் வியாபாரமும் நடத்தி வந்தவர் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை. அவர் நாயுடுவின் திறமையைக் கண்டு கொண்டார். பஸ் ஒன்று வாங்கச் சொன்னார். பஸ்ஸின் விலை 8 ஆயிரம் ரூபாய். அதில் 4 ஆயிரத்தை ஸ்டேன்ஸ் துரையே கடனாகக் கொடுத்தார்.

1920-ம் ஆண்டு. பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு அந்த பஸ் புறப்பட்டது. முதலாளி யார்? ஜி.டி. நாயுடு. டிரைவர் யார்? அவரும் நாயுடுதான்!

இருநூறு பஸ்களின் முதலாளி

அந்தக் காலத்து பஸ், இன்றைய பஸ் போல் இருக்காது. சட்டமும் எஞ்சினும் சக்கரமும் கப்பலில் வரும். அதன் மேல் உள்ளூர்த் தச்சர்கள் மரத்தில் கூடு கட்டுவார்கள். அதே சட்டத்தின் மேல் பலகைத் தொட்டி கட்டினால் லாரி. பெஞ்சு போட்டால் பஸ்! முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால்தான் எஞ்சின் உறுமும்.

சாலைகளோ கல்லும் குழியும். தேய்ந்த பாகத்துக்கு மாற்றுப் பாகம் கடல் கடந்து வர வேண்டும். ஆகவே, அன்று பஸ் நடத்துவது என்றால் பட்டறை நடத்துவது என்றே அர்த்தம். பழைய வண்டியைப் பிரித்து, தேய்ந்ததைச் சரி செய்து, மறுபடி சாலைக்கு அனுப்பத் தெரிந்தவனே பிழைப்பான். நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளில் கற்ற பாடம் இங்கே கை கொடுத்தது.

ஒரு பஸ் பல பஸ்களாயின. யு.எம்.எஸ். என்ற மூன்று எழுத்துக் கம்பெனி பிறந்தது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்பது அதன் முழுப் பெயர். 1930-களில் 200-க்கும் மேற்பட்ட பஸ்கள் அவருடைய பெயரில் ஓடின.

எஞ்சினின் அதிர்வைச் சோதிக்கும் கருவி ஒன்றை நாயுடு செய்தார். டாக்டர் நாடியைப் பார்ப்பது போல் அது எஞ்சினின் நாடியைப் பார்த்தது. பஸ் புறப்படும் நேரத்தையும் போகும் வழியையும் பயணிகளுக்குக் காட்டும் கருவியையும் அமைத்தார்.

கிணற்றடிக்கு வந்த மோட்டார்

வண்டியோடு அவர் நிற்கவில்லை. வெளிநாடு போன போதெல்லாம் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். கண்ணில் பட்ட கருவிகளை வாங்கி வந்தார். வாங்கியதைப் பிரித்துப் பார்த்தார்!

சிறு பாட்டரியால் ஓடும் சவரக் கருவி ஒன்றை உருவாக்கினார். 'ரசன்ட்' என்ற அந்தக் கருவி ஜெர்மனியில் தயாராயிற்று.

1937-ம் ஆண்டு பீளமேட்டில், டி. பாலசுந்தரம் நாயுடு என்ற தொழில் நிபுணரோடு சேர்ந்து மின்சார மோட்டார் செய்தார். இந்தியாவிலேயே தயாரான முதல் மின்சார மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். பிற்காலத்தில் கோயமுத்தூர் மோட்டாருக்கும் பம்புசெட்டுக்கும் பேர் போன ஊராயிற்று. இன்று தமிழ்நாட்டில் எந்த ஊர் வயலில் பம்புசெட் ஓடினாலும், அந்தச் சத்தத்தில் பீளமேட்டுப் பட்டறையின் சத்தமும் கொஞ்சம் கலந்திருக்கிறது!

ரேடியோ பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலத்தில், 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார்.

மூன்றாம் வகுப்பு பிரின்சிபால்!

1945-ல் கோயமுத்தூரில் ஒரு தொழிற்கல்விக் கூடம் உருவாயிற்று. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அது உருவாக உதவியவர் நாயுடு. அதன் முதல் பிரின்சிபாலும் அவரே! மூன்றாம் வகுப்பு படித்தவர், பட்டம் படிக்க வந்தவர்களுக்குத் தலைவர் ஆனார்.

அந்தப் பதவியில் அவர் நீடிக்கவில்லை. நான்கு ஆண்டுப் படிப்பு வீண் என்பது அவர் எண்ணம். கையில் கருவியைக் கொடுத்தால் சில மாதங்களிலேயே ஒரு தொழிலைக் கற்றுத் தரலாம் என்றார். அதை யாரும் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே விலகிக் கொண்டார்.

அவர் சொன்னது முழுவதும் சரியா? பெரிய பாலம் கட்டவும் விமானம் செய்யவும் ஆண்டுக் கணக்கில் கணக்கும் விஞ்ஞானமும் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் திருகாணியைத் தொடாமலே எஞ்சினீயர் ஆகிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு அவர் வாழ்க்கை ஓர் எச்சரிக்கை.

உடைத்தார்!

1952-ல் இரண்டு பேர் உட்காரக் கூடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2 ஆயிரம் ரூபாய்தான். நடுத்தரக் குடும்பமும் கார் வாங்கலாம் என்பது அவர் கனவு. ஆனால் அதைத் தயாரிக்க சர்க்கார் லைசென்சு கிடைக்கவில்லை. அந்தக் கார் கனவாகவே நின்று விட்டது.

வரிகளும் கட்டுப்பாடுகளும் தன் தொழிலை நெரிக்கின்றன என்று அவர் மனம் கொதித்தது. ஒரு நாள், தான் செய்த பொருள்களையே மக்கள் முன்னால் போட்டு உடைத்தார்!

பழைய இரும்பைப் பார்த்தாலே தூக்கி எடுத்துத் துடைத்துப் பூட்டியவர் அவர். அந்தக் கையே புதுப் பொருள்களைச் சுக்கு நூறாக்கியது என்றால், அந்த மனம் எவ்வளவு வெந்திருக்க வேண்டும்! அவர் செய்தது சரி என்று சிலர் சொன்னார்கள்; ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் வருந்தினார்கள். வருத்தம் அவருக்கும் இல்லாமலா இருந்திருக்கும்?

காயலான் கடைக்குத் தப்பியவை

பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்துப் புதுப்பிப்பது பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்கு. கார்களுக்கு இந்த யோகம் எளிதில் கிடைக்கிறது. பணக்காரர் வீட்டுக் கொட்டகையில் போர்வை போர்த்திக் கிடந்த கார் பிழைத்து விடும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. எலும்பு தேயும் வரை உழைக்கும். பிறகு காயலான் கடைக்குப் போய் எடைக்கு எடை விலையாகும்.

இங்கிலாந்தில் இதைக் கண்டு மனம் பொறுக்காதவர்கள், 1958-ல் பழைய லாரி, பஸ்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் அமைத்தார்கள். 1962-ல் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை ஊருக்கு அந்தக் கிழட்டு வண்டிகளை ஊர்வலமாக ஓட்டிக் காட்டினார்கள்.

கோயமுத்தூரில் நாயுடு செய்த வேலையும் இதைச் சேர்ந்ததுதான். தான் சேர்த்த கருவிகளையும் செய்த கருவிகளையும் அவர் பூட்டி வைக்கவில்லை. அவிநாசி சாலையில் மக்கள் பார்க்கக் காட்சிச்சாலை அமைத்தார்.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

அதே அவிநாசி சாலையில், 2015-ல், பழைய கார்களுக்கென்றே 'ஜி.டி. கார் மியூசியம்' திறக்கப்பட்டது. பல நாட்டுப் பழைய கார்கள் துருப் போக்கி, வண்ணம் பூசி, மெருகேற்றி அங்கே நிறுத்தப்பட்டிருக்கின்றன. அதே சாலையில் 2025-ல் திறக்கப்பட்ட நீண்ட மேம்பாலத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. எச்சில் இலை எடுத்துப் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியவரின் பெயர் கொண்ட பாலத்தில் இன்று ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓடுகின்றன.

வீட்டில் பழுதான கடிகாரத்தைப் பையன் பிரித்துப் போடுகிறானா? உடனே கை ஓங்க வேண்டாம். பக்கத்தில் ஒரு கிண்ணம் வையுங்கள்; திருகாணிகளைத் தொலைக்காமல் அதில் போடச் சொல்லுங்கள். பிரித்ததை மறுபடி பூட்டி ஓட வைக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

பிரிக்க எல்லோராலும் முடியும். பூட்டி ஓட வைத்தவர்தான் ஜி.டி. நாயுடு!