மகாவீராசாரியரும் அவர் கோத்த எண்மாலையும்

சமணச் சான்றோருள் அறநூல் செய்தாரையும் காவியமும் இலக்கணமும் யாத்தாரையும் நாம் போற்றி வருகின்றோம். கணிதம் வளர்த்த சான்றோரை அவ்வளவாக நினைப்பதில்லை. அவருள் தலையாயவர், ஏறத்தாழக் கி.பி. 850-இல் ‘கணித சார சங்கிரகம்’ என்னும் வடமொழி நூலை அருளிய மகாவீராசாரியர்.

அக்காலத்தே மானியகேடத்திலிருந்து ஆட்சி புரிந்தவர் இராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷ நிருபதுங்கர் (814-878). ஆதிபுராணம் பாடிய ஜினசேனாசாரியரிடம் பக்தி பூண்டவர். நம் இல்லங்களில் வாசிக்கப்பெறும் ஸ்ரீபுராணத்துக்கு மூலமாகிய மகாபுராணத்தின் முற்பகுதியே அவ்வாதிபுராணம். மகாவீராசாரியர் தம் நூலின் தொடக்கத்தில் வர்த்தமான பகவானை வணங்கி, அமோகவர்ஷரையும் வாழ்த்துகின்றார். தம் பெற்றோர், ஊர் பற்றியோ ஏதும் கூறினாரில்லை. நூலே அவர்தம் வரலாறாக நிற்கின்றது.

பெரும்பாலும் வானநூலின் ஓர் உறுப்பாக வழங்கிய கணிதத்தை அவர் தனி நூலாக வகுத்தார். இசை, மருத்துவம், சமையல், கட்டடக் கலை அனைத்துக்கும் கணிதம் வேண்டும் என்று வலியுறுத்தினார். எதிர்ம எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று தெளிந்து உரைத்தார். பல பொருள்களுள் சிலவற்றைத் தெரிந்தெடுக்கும் வகைகளைக் கணிக்கப் பொதுவிதி தந்தார். ஓர் எண்ணைச் சுழியால் வகுத்தால் அவ்வெண் மாறாது என்று அவர் கூறியது மட்டும் பிற்காலத்தார்க்கு உடன்பாடன்று.

பெருக்கல் பயிற்றுமிடத்து அவர் தரும் கணக்கொன்றை இங்குக் காண்போம். 27994681 என்பதை 441 ஆல் பெருக்குக என்பது கணக்கு. விடை 12345654321. ஒன்றிலிருந்து ஆறுவரை ஏறி, மீண்டும் ஒன்றுவரை இறங்கும் இவ்வெண், எப்புறமிருந்து படித்தாலும் ஒன்றேயாம்; இருபுறமும் ஒத்த மணிமாலை போன்றது.

இதன் உள்ளமைப்பு இன்னும் அழகியது. 441 என்பது 21-இன் வர்க்கம். 27994681 என்பது 5291-இன் வர்க்கம். 21-ஐ 5291-ஆல் பெருக்க 111111 வரும். ஆகவே நம் எண் 111111-இன் வர்க்கமாகும். ஆறு ஒன்றுகளைத் தம்மாலே பெருக்கிப் படிப்படியாக இடம் தள்ளி எழுதிக் கூட்டுங்கால், நடுவில் ஆறும் இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைந்தும் அமைகின்றன. எங்கும் பத்து மிகாமையால் மாலை கலைவதில்லை. ஒன்பது ஒன்றுகள்வரை இவ்வொழுங்கு நிற்கும், பத்தாவதில் குலையும். இலக்கங்களின் கூட்டுத்தொகையாகிய 36-உம் ஆறின் வர்க்கமே.

மாணவர் பெருக்கலில் பிழை செய்தால் மாலை தானே காட்டிக் கொடுக்கும். வெறுப்பூட்டும் பயிற்சியை விருப்பமாக்கிய ஆசிரியரின் கருணையை இதில் நாம் காண்கின்றோம்.

11-ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்கில் தந்தார். 1912-இல் பேராசிரியர் மு. ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் ஏடுகளைப் பெயர்த்தெழுதிக் காத்தோர் இலரேல், இம்மாலை நம் கைக்கு எட்டியிராது. சாத்திரதானத்தின் பயன் இதுவன்றோ? நம் சிறார்க்கு இக்கணக்கைக் கொடுத்து, விடை கண்டு அவர் மகிழும்போது, இதைக் கோத்தவர் பெயரையும் சொல்லிக் கொடுப்போமாக.