தாய்மாரைக் காத்த டாக்டர்

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறப்பு என்பார்கள். 1846-ம் ஆண்டில் வியன்னா நகரப் பெரிய ஆஸ்பத்திரியில் அது நிஜமாகவே இருந்தது.

அங்கே இரண்டு பிரசவப் பகுதிகள். டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்த பகுதியில் 100 தாய்மாரில் 11 பேர் இறந்தார்கள். பிரசவ ஜன்னிதான் எமன். மருத்துவச்சிகள் பார்த்த பகுதியிலோ 3 பேர்கூட இறக்கவில்லை. டாக்டர்கள் பகுதியில் சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் கெஞ்சி அழுதார்கள்.

ஹங்கேரி நாட்டு இளம் டாக்டர் செம்மல்வைஸ் அங்கே வேலை பார்த்தார். காரணம் தெரியாமல் தவித்தார்.

1847-ல் அவருடைய நண்பரான டாக்டர் ஒருவர், பிணப் பரிசோதனையில் கத்தி கீறி இறந்துபோனார். அவர் உடலிலும் அதே நோயின் அடையாளங்கள்! செம்மல்வைஸுக்கு உண்மை விளங்கியது. பிணத்தை அறுத்த டாக்டர்களே பிரசவமும் பார்த்தார்கள். சோப்பால் கழுவியும் கையில் நாற்றம் போகவில்லை. அந்தக் கைதான் சாவைக் கொண்டு வந்தது.

குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பிறகே தாயைத் தொடவேண்டும் என்று மே மாதம் உத்தரவு போட்டார். மறு ஆண்டில் சாவு 100-க்கு சுமார் 1 ஆகக் குறைந்தது.

ஆனாலும் பெரிய டாக்டர்கள் பலர் ஏற்கவில்லை. 1849-ல் வேலை போயிற்று. மனம் உடைந்தார். 1865-ல் மனநோய் விடுதியில் இறந்தார். வயது 47.

1879-ல் பாஸ்டர் பிரசவ ஜன்னியின் கிருமியைக் காட்டினார். செம்மல்வைஸ் சொன்னது மெய்யாயிற்று. அதைக் காண அவர்தான் இல்லை!