எழுதியவரைக் காட்டிக்கொடாத இதழாசிரியர்

மௌலானா ஹஸ்ரத் மோஹானியைக் கஸல் கவிஞராக அறிந்தோர் பலர். இதழாசிரியராக அவர் செய்த செயலொன்றே நம் மனத்தில் நிற்கின்றது.

இன்றைய உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்து மோஹான் என்னும் ஊரில் பிறந்த சையித் ஃபஸ்லுல் ஹஸன், அலிகர் கல்லூரியில் பயின்று 1903-இல் பட்டம் பெற்றார். அரசுப் பணியை நாடாது, அவ்வாண்டே ‘உர்தூ-ஏ-முஅல்லா’ இதழைத் தொடங்கினார்.

1908-இல், எகிப்தில் ஆங்கிலேயர் மேற்கொண்ட கொள்கையைக் கண்டித்து அதில் கட்டுரையொன்று பெயரின்றி வெளிவந்தது. எழுதியவர் அலிகர் மாணவர் ஒருவர் என்பர். அரசு இராசத்துரோக வழக்குத் தொடுத்தது. பெயர் வெளிப்பட்டிருப்பின் அம்மாணவரின் படிப்பு அன்றே முடிந்திருக்கும். மௌலானா வாய் திறக்கவில்லை; பொறுப்பனைத்தையும் தாமே ஏற்றார். ஈராண்டுக் கடுங்காவலும் 500 ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டன. தண்டத்திற்காக அவர் அரிதின் திரட்டிய நூல்கள் சொற்ப விலைக்கு ஏலம் போயின. நூல் சேர்ப்போர் அவ்வலியை அறிவர். ஏறத்தாழ ஓராண்டு அலகாபாத் சிறையில் திரிகை சுற்றினார், கவிதையும் புனைந்தார்.

மாணவர் ஏட்டில் புனைபெயரில் ஒரு குறை வெளியானால், ‘யார் எழுதியது?’ என்பதே கல்லூரிகளில் எழும் முதற்கேள்வி. நாமும் ஒருமுறை அவ்வாறு கேட்டவர்தாம். 1978-ஆம் ஆண்டுப் பத்திரிகை மன்றச் சட்டப்படி, செய்தி தந்தவர் பெயரைக் கூறுமாறு அம்மன்றம் இதழாளரை வற்புறுத்தலாகாது. நீதிமன்றங்களை அவ்விதி கட்டுப்படுத்தாது.

விடுதலையான மௌலானா மீண்டும் இதழ் நடத்தினார். 1910-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்கீழ்ப் பிணைத்தொகை கேட்கப்பட, 1913-இல் அது நின்றது. அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தும் அரசியலமைப்பில் கையொப்பமிடாத அப்பெருமகனார், 1951 மே 13-இல் லக்னோவில் மறைந்தார்.