செல்போர்ன் பொதுநிலத்தின் கணக்குப்பிள்ளை



'காமன் ஏரியா' என்ற சொல் நமக்கு எப்போது நினைவுக்கு வருகிறது? பராமரிப்புக் கட்டண ரசீது வரும்போது. மாடிப்படி அருகே யாராவது செருப்பு ஸ்டாண்டை வைத்துவிட்டால். மற்றபடி அது நாம் கடந்துபோகும் இடம், அவ்வளவுதான். அந்தச் சொல்லில் உள்ள 'காமன்' இங்கிலாந்துக் கிராமங்களில் ஒரு நிலத்தின் பெயர். ஊரை ஒட்டிக் கிடக்கும் புல்வெளி, புதர், காடு. மண்ணுக்குச் சொந்தக்காரர் ஒரு பிரபுவாக இருக்கலாம், ஒரு கல்லூரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அதில் ஆடு மாடு மேய்க்கவும், விறகு எடுக்கவும், எரிபொருளுக்குப் புல்கட்டி வெட்டவும் ஊர்க்காரர்களுக்கு வழிவழியாக உரிமை உண்டு. பட்டா ஒருவர் பெயரில், பாத்தியதை பலருக்கு.

அப்படிப்பட்ட ஒரு நிலத்தை வாழ்நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து எழுதி வைத்த மனிதரைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்லப்போகிறேன். கில்பர்ட் வைட். பறவை பார்ப்பவர்கள் நம் குடியிருப்பில் யாரேனும் இருந்தால் அவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

லண்டனிலிருந்து தென்மேற்கே சுமார் 50 மைல் தள்ளி, ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் செல்போர்ன் என்ற கிராமம். அங்கே 1720 ஜூலை 18 அன்று, தேவாலயப் பாதிரியாராக இருந்த தாத்தாவின் வீட்டில் வைட் பிறந்தார். தாத்தாவின் பெயரும் கில்பர்ட் வைட்தான். ஆக்ஸ்ஃபோர்டில் ஓரியல் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, அதே கல்லூரியில் ஃபெலோ ஆகி, பிறகு குருப்பட்டமும் பெற்றார். தாத்தா இருந்த பதவியில் பேரன் உட்கார வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். நடக்கவில்லை. செல்போர்னுக்குப் பாதிரியாரை நியமிக்கும் உரிமை ஆக்ஸ்ஃபோர்டின் இன்னொரு கல்லூரியான மாட்லினிடம் இருந்தது. அவர்கள் தங்கள் ஆட்களுக்குத்தான் கொடுப்பார்கள். எனவே சொந்த ஊரில் வைட் கடைசிவரை உதவிப் பாதிரியார்தான், அதுவும் விட்டுவிட்டு நான்கு முறை. வேறு ஊர்களில் நல்ல பதவிகள் கிடைத்திருக்கும். அவர் ஊரை விட்டுப் போகவில்லை. கோச் வண்டியில் ஏறினாலே அவருக்குக் குமட்டும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்!

அவரைத் துறவி போல நினைத்துக்கொள்ள வேண்டாம். நார்தாம்ப்டன்ஷயரில் ஒரு தேவாலயத்தின் வருமானம் அவருக்கு வந்துகொண்டிருந்தது. அங்கே போய் இருக்காமல், வேலைக்கு வேறொருவரை அமர்த்திவிட்டு மிச்சத்தை வாங்கிக்கொண்டார். அந்தக் காலத்தில் இது சகஜம். இருந்தாலும், அந்த வருமானத்தில் கிடைத்த ஓய்வுதான் அவரைக் காட்டிலும் மேட்டிலும் நடக்க விட்டது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

அவர் வாழ்ந்த 'தி வேக்ஸ்' என்ற வீட்டின் பின்பக்கம் பார்த்தால் சுண்ணாம்புக் குன்று ஒன்று 300 அடிக்குச் சுவர் போல எழுந்து நிற்கும். சரிவு முழுக்க பீச் மரங்கள். இப்படிச் சரிவில் தொங்கும் காட்டுக்கு அந்த ஊர்ப் பேச்சில் 'ஹேங்கர்' என்று பெயர். குன்றின் மேலே ஒரு மைல் நீளம், அரை மைல் அகலத்தில் மேய்ச்சல் வெளி. 1753-ல் வைட்டும் தம்பி ஜானும் சேர்ந்து அந்தச் செங்குத்துச் சரிவில் வளைந்து வளைந்து ஏறும் ஒரு பாதையை வெட்டினார்கள். இன்றும் செல்போர்ன் போகிறவர்கள் அந்த 'ஜிக்ஜாக்' பாதையில் மூச்சு வாங்க ஏறுகிறார்கள்.

தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த அனுபவம் உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள். அந்த மேய்ச்சல் வெளியில் ஒரு சிறு குளம் இருந்தது. குறுக்களவு 30 அடிதான். நடுவில்கூட மூன்று அடிக்கு மேல் ஆழமில்லை. சுண்ணாம்புப் பாறையில் தண்ணீர் நிற்காது. கீழே ஊரில் பெரிய குளங்களே கோடையில் வற்றிப்போகும். ஆனால் மேட்டிலிருந்த இந்தக் குளம் முந்நூறு நானூறு ஆடுகளுக்கும் குறைந்தது இருபது மாடுகளுக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தது. எப்படி? வைட்டை இந்தக் கேள்வி விடவில்லை. 1775 அக்டோபரில் மூடுபனி நிறைந்த ஒரு நாள், ஒரு சந்தில் நின்ற ஓக் மரத்தின் இலைகளிலிருந்து நீர் சொட்டி, வண்டித் தடம் முழுக்க ஓடுவதைப் பார்த்தார். சுற்றியிருந்த தரையோ புழுதியாகக் கிடந்தது. மரங்கள் மூடுபனியைப் பிடித்து நீராக இறக்குகின்றன; குளத்தின் மேல் கவிந்த பீச் மரங்களும் அதைத்தான் செய்கின்றன என்று எழுதினார். இத்தகைய மேட்டுக் குளங்களை நிரப்புவதில் மழைக்கே பெரிய பங்கு என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனால் ஆடுகளை எண்ணி, ஆழத்தை அளந்து, மரத்தடியில் நின்று பார்த்த அந்த முறை யாருக்கும் பழசாகவில்லை.

முதலில் தோட்டக் குறிப்பு எழுதத் தொடங்கியவர், 1768 முதல் சாகும்வரை 25 ஆண்டுகள் நாள்தோறும் இயற்கைக் குறிப்பேடு எழுதினார். வெப்பம், காற்று, எந்தப் பறவை என்று வந்தது, எந்தப் பூ என்று பூத்தது. விலங்கியலாளர் தாமஸ் பென்னன்ட், வழக்கறிஞர் டெயின்ஸ் பாரிங்டன் என்ற இருவருக்கு எழுதிய கடிதங்களில் அந்தக் கணக்கிலிருந்து எடுத்து விவரித்தார். அக்காலத்து அறிஞர்கள் பலர் பாடம் செய்த பறவையை மேசையில் வைத்து ஆராய்ந்தார்கள். வைட் பறவைகளைச் சுட்டு ஆராய்ந்ததும் உண்டு. ஆனால் அவருடைய பெரிய கருவி காதுதான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மூன்று கதிர்க்குருவிகள் உண்மையில் மூன்று வெவ்வேறு இனங்கள் என்பதைப் பாட்டைக் கேட்டே பிரித்தார். கோதுமைத் தாள்களுக்கு இடையே கிரிக்கெட் பந்து போல உருண்டைக் கூடு கட்டும் ஒரு சுண்டெலியை முதன்முதலில் விவரித்து எழுதியவரும் அவரே. இரண்டு எலிகளைத் தராசில் வைத்தார். இரண்டும் சேர்ந்து ஒரு செப்பு அரைப்பென்னிக் காசின் எடைதான்.

தேனீக்குக் காது கேட்குமா என்று தெரிந்துகொள்ள, ஒரு மைல் தொலைவில் போகும் கப்பலைக் கூப்பிடும் அளவுக்குப் பெரிய ஊதுகுழலைக் கூட்டருகே வைத்துக் கத்தியிருக்கிறார். தேனீக்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அக்கம்பக்கத்தார் என்ன நினைத்திருப்பார்களோ! அத்தையிடமிருந்து வந்த டிமதி என்ற ஆமை ஒன்று அவர் தோட்டத்தில் இருந்தது. அது எப்போது மண்ணுக்குள் போகிறது, எப்போது வெளியே வருகிறது என்றெல்லாம் ஆண்டுக்கணக்கில் எழுதினார். டிமதி பெண் ஆமை என்பது அவர் இறந்த பிறகுதான் தெரிந்தது. மண்புழு இல்லாவிட்டால் நிலம் இறுகிச் செத்துவிடும் என்று 1777-லேயே எழுதினார். நூறாண்டு கழித்து மண்புழுவைப் பற்றித் தனி நூலே எழுதிய டார்வின், இளவயதில் வைட்டின் நூலைப் படித்து வளர்ந்தவர்.

தவறவும் செய்தார். தகைவிலான்கள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன? தெற்கு நாடுகளுக்குப் பறக்கின்றன என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் சில பறவைகளாவது இங்கேயே பொந்துகளில் தூங்குகின்றன என்ற எண்ணத்தை விடவே இல்லை. 1781 வசந்தத்தில் ஆட்களை வைத்து ஹேங்கர் சரிவின் புதர்களைத் தேடிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

இதுவரை பறவையும் ஆமையும். பொதுநிலம் ஏன் முக்கியம் என்பதற்கு வைட் எழுதிய ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள்.

ஏழைகள் வீட்டில் விளக்குக்கு மெழுகுவத்தி வாங்க முடியாது. ஓடைக்கரையிலும் ஈரநிலத்திலும் வளரும் கோரை போன்ற புல்லைப் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளும் பறித்து வருவார்கள். தோலை உரித்து, உள்ளிருக்கும் தக்கை ஒடியாதபடி ஒரே ஒரு கீற்றுத் தோலை மட்டும் விட்டு, காயவைத்து, சமையலில் மிஞ்சிய கொழுப்பில் தோய்ப்பார்கள். 2 அடி 4½ அங்குல நீளமுள்ள ஒரு கோரை ஒரு மணி நேரத்துக்கு மூன்று நிமிடம் குறைவாக எரிந்ததை வைட் நேரம் பார்த்துக் குறித்தார். ஒரு பவுண்டு காய்ந்த கோரையில் 1,600-க்கும் மேற்பட்ட குச்சிகள். கூட்டிக் கழித்தால், கால் பென்னி செலவில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை மணி நேர வெளிச்சம். ஒரு பாதிரியார் ஏழை வீட்டு விளக்குச் செலவை இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்த்திருக்கிறார் என்பதே எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த விஷயம்.

ஊருக்கு அப்பால் வுல்மர் என்ற அரசாங்கக் காடு, மணலும் புதரும் நிறைந்தது. வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது தரிசு. அந்தத் தரிசுதான் சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கு அடுப்பெரிக்கப் புல்கட்டியும், சுண்ணாம்பு சுட விறகும், நிலத்துக்குச் சாம்பலும், வாத்துக்கும் கன்றுக்கும் காசில்லாத தீவனமும் கொடுக்கிறது என்று வைட் பட்டியல் போட்டார். அவர் வாழ்ந்த காலம் இத்தகைய நிலங்களுக்கு ஆபத்தான காலம். 1604 முதல் 1914 வரை சுமார் 5,200 சட்டங்கள் மூலம் 68 லட்சம் ஏக்கர் வயலும் பொதுநிலமும் வேலிக்குள் போயின. அதில் பெரும்பகுதி 1750-க்குப் பிறகுதான்.

1784-ல் பக்கத்து ஆலிஸ் ஹோல்ட் காட்டில் சுமார் ஆயிரம் ஓக் மரங்கள் வெட்டப்பட்டன. கிளையும் நுனியும் தனக்கே என்றார் அந்தக் காட்டில் உரிமை பெற்றிருந்த ஸ்டாவெல் பிரபு. எங்களுக்கு என்றார்கள் சுற்றியிருந்த நான்கு ஊர் ஏழைகள். கூட்டமாகத் திரண்டு வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்கள். வண்டி வைத்திருந்த ஒருவர் மட்டும் நாற்பது அடுக்கு விறகு கொண்டுபோனார். பிரபு 45 பேர் மீது வழக்குப் போட்டார். வைட் இதை அப்படியே பதிவு செய்கிறார். கலகம் என்ற தொனியில்தான் எழுதுகிறார். அவர் வர்க்கம் அது. ஆனால் எத்தனை மரம், எத்தனை அடுக்கு, எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை விடவில்லை. அதனால்தான் அந்த ஏழைகளின் வழக்கு இன்று நமக்குத் தெரிகிறது.

மரம் வெட்டுவது பற்றி அவர் எழுதிய இன்னொன்று மறக்க முடியாதது. லோசல் என்ற சிறு தோப்பில் உயரமான ஓக் ஒன்றில் அண்டங்காக்கை ஜோடி பல ஆண்டுகளாகக் கூடு கட்டி வந்தது. நடுவில் பெரிய புடைப்பு இருந்ததால் எத்தனையோ சிறுவர்கள் முயன்றும் ஏற முடியாத மரம். ஹாம்டன் கோர்ட் அருகே ஒரு பாலத்தைப் பழுதுபார்க்க 50 அடிக்குக் கிளையில்லாத மரங்கள் தேவைப்பட்டன. இந்த மரமும் அதில் சேர்ந்தது. பிப்ரவரி மாதம், காக்கை அடைகாக்கும் நேரம். ரம்பம் இழுத்தார்கள், ஆப்பு அறைந்தார்கள்; காக்கை எழுந்திருக்கவில்லை. மரம் சாய்ந்தபோது கூட்டிலிருந்து வீசப்பட்டு, கிளைகள் அடித்து இறந்து விழுந்தது.

கடிதங்கள் நூலாக வர வைட் மிகவும் தயங்கினார். லண்டனில் புத்தக வியாபாரியாக இருந்த தம்பி பெஞ்சமின் அதை வெளியிட்டபோது வைட்டுக்கு 68 வயது. நூலில் 1789 என்று அச்சாகியிருக்கும். செல்போர்னின் இயற்கை வரலாறும் தொன்மைகளும் என்ற பொருள்படும் அந்த நூல் இன்றுவரை அச்சில் இருக்கிறது. அடுத்த நான்கு ஆண்டுகளில், 1793 ஜூன் 26 அன்று, அதே வீட்டில் காலமானார். இறப்பதற்குச் சில நாள் முன்புவரை குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். கல்லறைக் கல்லில் முதலெழுத்துகளும் தேதியும் மட்டும்.

அந்தப் பொதுநிலம் வேலிக்குள் போகவில்லை. இப்போது நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பராமரிப்பில் யாரும் நடக்கலாம். இருபதாம் நூற்றாண்டில் மேய்ச்சல் நின்றுபோனதும் புல்வெளியைப் புதர் மூடத் தொடங்கியது. மீண்டும் மாடுகளை விட வேண்டியிருந்தது. வைட் காலத்தில் ஊரில் ஆண்டுதோறும் எட்டு ஜோடி உழவாரன் குருவிகள் கூடு கட்டின. ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து, 1983-ல் விஞ்ஞானிகள் எண்ணியபோது 12 ஜோடி இருந்தன.

எல்லாம் தப்பவில்லை. 1703 புயலில் ஊர்ப் பொதுத்திடலின் ஓக் மரம் விழுந்தபோது, அன்றைய பாதிரியார் நிறையச் செலவழித்து அதைத் தூக்கி நிறுத்தினார். கொஞ்சம் துளிர்த்துப் பட்டுப்போனது. தேவாலய முற்றத்தில் வைட் அளந்தபோது 23 அடிச் சுற்றளவு இருந்த யூ மரம் 1990 ஜனவரிப் புயலில் சாய்ந்தது. ஊர்க்காரர்கள் அதையும் தூக்கி நிறுத்திப் பார்த்தார்கள். பிழைக்கவில்லை. அதிலிருந்து எடுத்த ஒரு போத்தை அதே முற்றத்தில் நட்டிருக்கிறார்கள்.