செர்ரோ கொலராடோவில் ஒரு வீடு: அத்தாவல்பா யுபாங்கியின் பாட்டு வாழ்க்கை

அவருடைய வலது கையைத்தான் நசுக்கினார்கள். பெரோன் ஆட்சிக் காலத்தில் ஆர்ஜென்ரீனாவில் பலமுறை கைதான நாட்டார் பாடகர் அத்தாவல்பா யுபாங்கி, பின்னாளில் தாமே சொன்ன சம்பவம் இது. கையின்மேல் தட்டச்சுப்பொறியை வைத்து மிதித்தார்களாம். ஆனால் அவர் இடக்கைக்காரர். பொலிசார் ஏமாந்துபோனார்கள் என்று இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. நமக்குச் சிரிப்பு வரவில்லை. இடக்கையால் கிற்றார் மீட்டுபவருக்கு, கழுத்துப் பக்கம் நரம்பை அழுத்துவது வலது கைதான். சில சுரக்கூட்டுகளைப் பிடிக்க அவர் பிறகும் சிரமப்பட்டார்.

1908 ஜனவரி 31 அன்று, புவனஸ் அயர்ஸ் மாகாணத்தில் பெர்காமினோவுக்கு அருகே பிறந்தவர். இயற்பெயர் எக்தோர் ரொபேர்த்தோ சவேரோ. தகப்பனார் பழங்குடி வழிவந்த புகையிரதத் தொழிலாளி; தாயார் பாஸ்க் இனத்தவர். ஹுனின் நகரில் இருந்த பவுத்திஸ்தா அல்மிரோன் என்ற ஆசிரியரிடம் கிற்றார் பழகக் குதிரையில் போய்வந்த பையன் அவர். 1917இல் குடும்பம் வடக்கே துக்குமானுக்கு இடம்பெயர்ந்தது. அந்த மலைநாடும் அங்குள்ள மக்களின் பாட்டும் அவரைப் பிடித்துக்கொண்டன. இன்கா அரசர்களின் பெயர்களைச் சேர்த்துப் புனைபெயர் வைத்துக்கொண்டார். தூர தேசத்திலிருந்து கதை சொல்ல வருபவன் என்று அதற்குப் பொருளும் சொல்வார்.

1932இல் எந்த்ரே ரியோஸ் மாகாணத்தில் தோற்றுப்போன ஒரு கிளர்ச்சியில் பங்கெடுத்து, உருகுவேக்குத் தப்பிப் போனார். அதுதான் முதல் நாடுகடப்பு. திரும்பி வந்தபின் வடக்கு மாகாணங்கள் எங்கும் அலைந்து பாட்டுச் சேர்த்தார். 1945இல் கொம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். தடை, சிறை எல்லாம் அதைத் தொடர்ந்து வந்தவை.

1949இல் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். 1950 ஜூலையில் எடித் பியாஃப் தமது பரிஸ் மேடையில் அவருக்கு இடம் கொடுத்தார். மொழி தெரியாத ஊரில், ஒரு கிற்றாரோடு நின்ற மனிதனைப் பரிஸ் கேட்டது; இசைத்தட்டு ஒப்பந்தமும் கிடைத்தது. 1952இல் நாடு திரும்பிக் கட்சியை விட்டு விலகினார். வானொலியில் பாடும் வழி அதன்பின்தான் இலேசானது. இதை மறைத்து அவரை வீரனாக மட்டும் எழுதுவது அவருக்கும் நியாயமல்ல, நமக்கும் நியாயமல்ல.

இனி, அதிகம் பேசப்படாத ஆளிடம் வருவோம். கனடாவுக்குக் கிழக்கே பிரான்சுக்குச் சொந்தமான சென் பியர் மிக்கலோன் என்ற குட்டித் தீவில் பிறந்த அன்ரொனெற் போல் பெப்பன் ஃபிட்ஸ்பற்றிக், வீட்டுப் பெயர் நெனெற், முறையாகக் கற்ற பியானோ கலைஞர். யுபாங்கியின் மனைவி. கோர்தோபா மாகாணத்தின் வடக்கே செர்ரோ கொலராடோவில், ஆற்றோரமாக அவர்கள் வீடு கட்டினார்கள். அவர் ஊர் ஊராகப் பாடப் போக, நெனெற் அந்த வீட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டார். அங்கிருந்தபடியே மெட்டும் அமைத்தார். ஆனால் நாட்டார் இசை அன்று ஆண்களின் உலகம். தமது போல் என்ற பெயரை ஆணாக்கி, ஊரின் குன்றையும் சேர்த்து, பாப்லோ தெல் செர்ரோ என்று ஒப்பமிட்டார். "சக்கரேரா தெ லாஸ் பியேத்ராஸ்", "கித்தாரா, தீமேலோ தூ" போன்ற பாடல்களில் யுபாங்கியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஆண் அவர்தான். பாடியவரை உலகம் அறிந்தது. பாப்லோ ஒரு பெண் என்பதைக் கேட்டவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? நம்முடைய வீடுகளிலும் ஒரு பாப்லோ இருந்திருப்பார். தேடினால் கிடைக்கும்.

1960களில் மெர்செதெஸ் சோசாவும் ஹோர்கே கஃப்ரூனேயும் அவருடைய பாடல்களைப் பாட, இளந்தலைமுறை அவரைக் கண்டுகொண்டது. ஜப்பான் வரை போய்ப் பாடினார். 1967இல் பரிஸில் குடியேறினார். 1976 இராணுவப் புரட்சிக்குப் பின் ஊர்ப் பயணங்கள் குறைந்தன. எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் நம்மவர்கள் பெட்டியோடு வந்து இறங்கிய அதே பரிஸில், மாட்டு மந்தை ஓட்டிகளையும் கற்பாதைகளையும் துக்குமான் நிலவையும் பாடிக்கொண்டு அவர் இருந்தார் என்பது நமக்குப் பிந்தித்தான் தெரிந்தது. 1986இல் பிரான்ஸ் அரசு கலை இலக்கியத்துக்கான செவாலியர் விருது கொடுத்தது.

நெனெற் 1990இல் காலமானார். 1992 மே மாதம், 84 வயதில், யுபாங்கி பாடுவதற்காகத் தென்பிரான்சின் நீம் நகருக்குப் போனார். உடல் ஒத்துழைக்கவில்லை. மே 23 அன்று அங்கேயே இறந்தார். அவர் கேட்டிருந்தபடி சாம்பலைச் செர்ரோ கொலராடோவுக்குக் கொண்டுபோய், நெனெற் காத்த அந்த வீட்டு முற்றத்தில், ஒரு ஓக் மரத்தடியில் வைத்தார்கள். வீடு இப்போது நினைவில்லம்.