மருத்துவர் தாலிமெரென் ஆவோ: சுதந்திர பாரதத்தின் முதல் கால்பந்துத் தலைவர்

கால்பந்தாட்டத்தில் கோல் போட்டவன் பெயரை ஊரே சொல்லும். கோல் விழாமல் தடுத்தவன் பெயரை அவன் தாயாரும், எதிர்க்குழுவில் அவனிடம் அடிபட்டவர்களுமே நினைவில் வைத்திருப்பர். முன்களத்து வீரனுக்குக் கணக்கு உண்டு; இத்தனை ஆட்டம், இத்தனை கோல் என்று எழுதிவிடலாம். தற்காப்பு வீரனுக்கு எதை எழுதுவது? நடவாமற் போன தீங்குகளுக்குப் பதிவேடு ஏது?

ஆகவேதான் புகழ்பெற்றோர் வரிசையில் ஒரு தற்காப்பு வீரரைச் சேர்க்கலாமா என்னும் வழக்கு எழும்போதெல்லாம் அது எளிதில் தீர்வதில்லை. அத்தகைய வழக்கொன்று நம் நாட்டிலேயே உண்டு. அதன் நாயகர் நாகர் மலையிற் பிறந்தவர். இம்மலரில் அவர் வரலாற்றைச் சொல்வதற்கு நம் பெங்களூருக்கும் ஓர் உரிமை இருக்கிறது. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் அவர் தலைமையில் ஆடிய குழுவில் கோல் காத்த வரதராஜ், முன்களத்தில் ஆடிய அகமது கான், ராமன் ஆகியோர் இவ்வூர் மைதானங்களில் பழகிய கால்கள் உடையவர்கள். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் அந்த ராமனே. ஆலைச் சங்கு ஒலித்த காலத்து ஸ்ரீராம்புரத்தில், வேலை முடிந்து வந்த பெரியவர்கள் திண்ணையில் இப்பெயர்களைச் சொல்லக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. தலைவரின் பெயர் மட்டும் அவ்வளவாக அடிபடவில்லை.

தாலிமெரென் ஆவோ 1918ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள் நாகர் மலைப் பகுதியில் சாங்கி என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் சுபோங்வாதி கிறிஸ்தவ சமயப் பணியாளர். வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள். பந்து வாங்கக் காசில்லாத வீடு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? கந்தைத் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தே அவருடைய முதற் பந்து. நம் சந்துகளிலும் இதே பந்து உருண்டதுண்டு. இப்போது வளர்ந்து பேரன் பேத்தி எடுத்துவிட்டவர்களைக் கேட்டால் தெரியும்.

தந்தையாருக்கு ஓர் ஆசை இருந்தது. மகன் மருத்துவன் ஆக வேண்டும், ஊருக்குத் திரும்பி வந்து தன் மக்களுக்குப் பணி செய்ய வேண்டும், பந்து அதற்குக் குறுக்கே வரலாகாது என்பதே அது. 1935இல் விஷக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. பதினேழு வயது மகனிடம் அந்த ஆசை கடனாகத் தங்கிவிட்டது. இக்கடனை நினைவிற் கொள்ளாமல் இம்மனிதருடைய பிற்கால வாழ்வை விளங்கிக்கொள்ள இயலாது.

ஜோர்ஹாட்டில் பள்ளிப் படிப்பு. கௌஹாத்தி காட்டன் கல்லூரியில் மேற்படிப்பு. அங்கே மகாராணா கழகத்திற்காகப் பந்தாடினார். உயர்ந்த உடற்கட்டும் தலையால் பந்தை மோதும் திறமும் அவருக்குப் பெயர் தேடித் தந்தன. 1942இல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பின்னாளில் ஆர். ஜி. கர் கல்லூரி என்று பெயர் மாறியது அதுவே. மறுவருடமே மோகன் பகான் கழகம் அவரைத் தன்பால் அழைத்துக்கொண்டது. 1943, 1944 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அக்கழகம் கல்கத்தா லீக் வாகை சூடியது.

அந்த ஆண்டுகள் எத்தகையவை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1943இல் வங்கத்துப் பஞ்சம். 1944இல் ஜப்பானியப் படை கோஹிமா வரை வந்து, அவருடைய மலைநாடே போர்க்களமாயிற்று. பிணமும் பசியும் சூழ்ந்த நகரில் பகலில் மருத்துவப் பாடம், மாலையில் மைதானம் என்று ஒரு மாணவர் காலங்கழித்தார். எதை விட்டார் என்று கேட்டால், எதையும் விடவில்லை என்பதே விடை.

நிற்க. அவர் ஆடிய இடத்தைப் பற்றி இளைஞர்களுக்கு ஒரு சொல். அக்காலத்தில் கோல் காப்பவருக்கு முன் இருவர், அவர்களுக்கு முன் மூவர், முன்களத்தில் ஐவர் என்று அணிவகுப்பர். அந்த மூவரில் நடுவில் நிற்பவர்க்குச் சென்டர் ஹாஃப் என்று பெயர். எதிரியின் நடு முன்னணி வீரனை மறிப்பதும், மறித்துப் பறித்த பந்தைத் தன் முன்னணிக்கு அனுப்புவதும் அவர் கடமை. ஓயாது ஓட வேண்டும்; கைதட்டல் குறைவு. ஆவோவின் இடம் அதுவே.

1948 ஜூலை 29ஆம் நாள் ஒலிம்பிக் தொடக்க விழாவில், விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையாத நாட்டின் கொடியை ஏந்திச் சென்றவர் அவர். இரண்டு நாள் கழித்து இல்ஃபோர்டு என்னும் இடத்தில் பிரான்சு நாட்டுடன் ஆட்டம். நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலுடனும், சிலர் துணி சுற்றிய காலுடனும் இறங்கினர். பூட்ஸ் இல்லாமையைப் பற்றிக் கேட்ட பத்திரிகையாளருக்கு, இந்த ஆட்டத்தின் பெயரிலே கால் உண்டே ஒழிய பூட்ஸ் இல்லை என்ற கருத்துப்பட அவர் மறுமொழி தந்தார் என்பது இன்றளவும் வழங்கும் கதை.

முதற் பாதியில் பிரான்சு ஒரு கோல் போட்டது. 70ஆம் நிமிடத்தில் ராமன் அதைச் சமன் செய்தார். 89ஆம் நிமிடத்தில் பிரான்சு இரண்டாவது கோலைப் போட்டது. ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். இடையே நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்டி உதைகளும் வீணாயின. ஒன்றை உதைத்தவர் சைலன் மன்னா. மற்றொன்றை உதைத்தவர் மகாவீர் பிரசாத். பின்னர் அக்குழு ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்து, ஹாலந்து நாட்டின் அஜாக்ஸ் கழகத்தை 5-1 என வென்றது. ஆர்சனல் கழகம் அவரை இங்கிலாந்திலேயே தங்கி ஆடுமாறு அழைத்ததாகவும், படிப்பு முடியவில்லை என்று அவர் மறுத்ததாகவும் சொல்வதுண்டு.

1950இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தலைநகரிலே தங்கியிருந்தால் புகழும் பொருளும் வந்திருக்கும். திப்ருகரில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் சிறிது காலம் பணியாற்றிவிட்டு, 1953இல் கோஹிமா மருத்துவமனைக்குச் சென்றார். நாகாலாந்து மாநிலம் 1963இல் அமைந்தபின் அதன் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்து, 1978இல் ஓய்வு பெற்றார். தந்தையின் கடன் தீர்ந்தது.

இனி வழக்குக்கு வருவோம். மறுப்போர் சொல்வது இது: ஒலிம்பிக் அரங்கில் அவர் ஆடியது ஒரே ஆட்டம், அதுவும் தோல்வி. 1951இல் டில்லி ஆசிய விளையாட்டில் மன்னாவின் தலைமையில் தங்கம் வென்றபோது அவர் குழுவில் இல்லை. அர்ஜுனா விருது 1961இல் பிறந்தபோது அவர் மைதானத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பழைய தற்காப்பு வீரர் கோஷ்டோ பால் 1962இலும், மன்னா 1971இலும் பத்மஸ்ரீ பெற்றனர். ஆவோ வாழ்ந்த காலத்தில் அத்தகைய விருது எதுவும் அவரை எட்டவில்லை.

ஆதரிப்போர் பலரும் அவருடைய மருத்துவத் தொண்டை எடுத்துக் காட்டுகின்றனர். அவ்வாறு வாதாடுவது முறையன்று என்பது என் கருத்து. நோயாளிகளைக் குணப்படுத்தியமைக்கு வேறு பட்டயம் உண்டு. ஆட்டக்காரரை ஆட்டத்தைக் கொண்டே அளக்க வேண்டும். அவ்விதம் அளந்தாலும் அவர் குறைந்து நிற்கவில்லை. அந்நிய மண்ணில், பூட்ஸ் அணிந்த குழுவுக்கு எதிரே, 89ஆம் நிமிடம் வரையில் ஒரே கோலுக்கு மேல் விடாமல் நின்றது அவர் நடுவில் நின்ற தற்காப்பு. தவறியவை நாம் உதைத்த பெனால்டிகள். ஆட்டத்தை இழந்தது முன்களமே ஒழியப் பின்களம் அன்று. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும்.

மேலும், வங்கம், மைசூர் என்று பல திசையிலிருந்து வந்து, ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாத வீரர்களை ஒரே குழுவாக நிறுத்தும் பொறுப்பு, அதிகம் பேர் கேள்விப்பட்டிராத ஒரு மலைநாட்டு மாணவரிடம் தரப்பட்டது. பிழைப்புத் தேடிப் பிற மொழி ஊரில் குடியேறி, தன்னைச் சுற்றிலும் உள்ளவர்களோடு ஒத்து வாழக் கற்ற நம்மவர்க்கு அதன் கடினத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1998 செப்டம்பர் 13ஆம் நாள் அவர் காலமானார். காட்டன் கல்லூரியில் ஓர் உள்ளரங்கத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2009 முதல் வடகிழக்கு மாநிலங்களிடையே அவர் பெயரில் கால்பந்துப் போட்டி நடத்தத் தொடங்கினர். 2018இல், அவர் பிறந்த நூற்றாண்டில், அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. இல்ஃபோர்டு ஆட்டம் நடந்து அப்போது எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.